பினாங்கில் முடிந்த சிவகங்கை நாடகம்

வாளும் மானமும் அரசியல் சூழ்ச்சியும் கலந்த கதைகளைத் தமிழ் மக்கள் என்றும் விரும்பிக் கேட்டு வந்துள்ளனர். கட்டபொம்மன் கதை கூத்தாகவும் கதைப்பாடலாகவும் ஊர்தோறும் வழங்கியது. மருது சகோதரர் கதை கும்மியாகவும் அம்மானையாகவும் பாடப்பட்டது. 1959-ஆம் ஆண்டு மே திங்களில் இவ்விரு கதைகளும் சில நாள் இடைவெளியில் திரைப்படங்களாக வெளிவந்தன. ஒன்று வீரபாண்டிய கட்டபொம்மன். மற்றொன்று கவிஞர் கண்ணதாசன் தயாரித்த சிவகங்கைச் சீமை. அதன் பின்னர்த் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்களில் அட்டைவாளும் மைமீசையுமாய் மேடையேறி முழங்கிய சிறுவர் எண்ணிலடங்கார்.

இந்நாடகங்கள் யாவும் தூக்குமேடையில் முடிகின்றன. கயத்தாற்றில் ஒருவர் தூக்கிலிடப்படுகிறார். திருப்பத்தூரில் இருவர் தூக்கிலிடப்படுகின்றனர். அத்துடன் திரை விழுகிறது. அவையோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகின்றனர். வரலாறோ அங்கே முடியவில்லை. தூக்குக்குத் தப்பியவர்களும் இருந்தனர். அவர்கள் என்னவாயினர் என்று கேட்பவர் தூத்துக்குடித் துறையில் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து, பினாங்குத் தீவில் வந்து இறங்க வேண்டும். சிவகங்கை நாடகத்தின் கடைசி அங்கம் நடந்தேறிய களம் இத்தீவேயாகும். பினாங்கின் தமிழ் மாணாக்கர் தம் கண்ணெதிரே காணும் கடற்கரையிலேயே தமிழக வரலாற்றின் துயரமான ஓர் ஏடு எழுதப்பட்டது என்பதை உணர்தல் வேண்டும். அதற்கு முதல் அங்கத்திலிருந்தே கதையைத் தொடங்குதல் பொருந்தும்.

சிவகங்கைச் சீமையின் தோற்றம்

இராமநாதபுரம் சேதுபதிகளின் மறவர் நாடு ஒரு காலத்தில் ஒரே அரசாக விளங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசுரிமை குறித்துப் பெரும் பூசல் மூண்டது. நாலுகோட்டைக் குடியினரான சசிவர்ணத் தேவரும், அரச மரபினரான கட்டையத் தேவரும் தஞ்சை மன்னரின் படைத்துணையுடன் பவானி சங்கரத் தேவரை வென்றனர். அதன் விளைவாக, ஏறத்தாழ 1730-ஆம் ஆண்டில், நாடு ஐந்து கூறாகப் பகுக்கப்பட்டது. மூன்று கூறு சேதுபதிக்கும் இரண்டு கூறு சசிவர்ணத் தேவருக்கும் உரியவாயின. அவ்விரு கூறே சிவகங்கைச் சீமை. ஆங்கிலேயர் அதனைச் சின்ன மறவர் நாடு என்று தம் ஏடுகளில் குறித்தனர். ஆகவே, சிவகங்கை பிறந்ததே ஓர் அரசுரிமைப் பூசலில்தான். அதன் வீழ்ச்சிக்கும் அரசுரிமைப் பூசலே காரணமாயிற்று என்பது பின்னர்ப் புலப்படும்.

சசிவர்ணத் தேவருக்குப்பின் அவர் மைந்தர் முத்துவடுகநாதத் தேவர் ஆண்டார். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, மறவர் நாடுகள் தமக்குக் கப்பம் கட்டக் கடமைப்பட்டவை என்று உரிமை கொண்டாடினார். நவாபு கும்பினியாருக்குக் கடன்பட்டவர். கடனை அடைக்கப் பாளையங்களின் பணம் வேண்டும். பணத்தைப் பெறக் கும்பினிப் படை வேண்டும். படை வந்தால் கடன் மேலும் பெருகும். இந்தச் சுழலில் சிக்கித் தென்னாடு முழுதும் தவித்தது. 1772-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஜெனரல் ஜோசப் ஸ்மித், பான்ஷூர் ஆகியோரின் படைகள் முதலில் இராமநாதபுரத்தையும், பின்னர்க் காளையார்கோவிலையும் தாக்கின. சூன் 25-ஆம் நாள் முத்துவடுகநாதர் களத்தில் வீழ்ந்தார். வெற்றி பெற்ற நவாபு சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயரும் சூட்டினார்.

அரசி வேலுநாச்சியார், மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் உடன் சென்றனர். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவர்களைக் காத்தார். மைசூர் வேந்தர் ஐதர் அலி உதவினார். எட்டாண்டுகள் கழித்து, 1780-ஆம் ஆண்டில், ஐதர் அலியின் படைத்துணையுடன் வேலுநாச்சியார் தம் சீமையை மீட்டார். தன்னையே தீயிட்டுக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் எனப்படும் குயிலியின் கதை இம்மீட்புப் போரை ஒட்டி மக்கள் வாய்மொழியில் வழங்குவது. ஆசிரியர் அதனை வாய்மொழி மரபு என்று குறித்தே மாணாக்கர்க்குச் சொல்லுதல் நலம். அவ்வாறு சொல்வதால் அதன் ஒளி குன்றாது. ஒரு மக்கட் கூட்டம் எதனை வீரம் என்று போற்றியது என்பதற்கு வாய்மொழியும் சான்றேயாகும்.

இங்கு ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். சிவகங்கை மீண்டும் தலைநிமிர்ந்ததற்கு வாள்வலிமை மட்டும் காரணமன்று. விருப்பாட்சியில் கிடைத்த அடைக்கலமும் காரணமாகும். ஊரிழந்த ஒரு பெண்ணுக்கும் அவள் மகளுக்கும் கதவைத் திறந்துவிட்ட ஒரு பாளையக்காரரின் அறம் அது. அந்தக் கடனை மருதிருவர் பின்னாளில் வேறொருவர்க்குத் திருப்பிச் செலுத்தினர்.

வாளும் வளரியும்

சீமை மீண்டபின் சின்ன மருது பிரதானியாகவும் பெரிய மருது படைத்தலைவராகவும் விளங்கினர். அரசிக்கும் பிரதானிகளுக்கும் இடையே பிணக்கு நேர்ந்ததும், 1789-இல் அதனைச் சாக்காகக் கொண்டு கும்பினிப் படை சீமைக்குள் புகுந்ததும் உண்டு. எனினும் நாட்டின் நடப்பு பெரும்பாலும் இவ்விருவர் கையிலேயே இருந்தது. வெள்ளச்சி நாச்சியாரின் கணவர் வேங்கன் பெரிய உடையாத் தேவர் பட்டத்துக்குரியவராக வீற்றிருந்தார்.

மருதிருவரின் இயல்பை அறிய நமக்குக் கிடைத்துள்ள சிறந்த சான்று அவர்தம் பகைவர் படையில் இருந்த ஒருவரின் எழுத்தாகும். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி தம் போர் நினைவுகளை 1830-ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இளம் அதிகாரியாக மதுரைப் பகுதியில் இருந்தபோது, 1795-ஆம் ஆண்டளவில், அவர் சின்ன மருதுவின் நட்பைப் பெற்றார். கரிய மேனியும் கம்பீரத் தோற்றமும் இனிய பேச்சும் உடையவர் சின்ன மருது என்றும், சிறுவயலில் இருந்த அவருடைய மாளிகைக்குக் காவலர் எவரும் இலர் என்றும், யாவரும் தடையின்றிப் புகுந்து வரலாம் என்றும் வெல்ஷ் எழுதுகிறார். நாடாள்பவன் வீட்டு வாயிலில் காவல் இல்லை என்பது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயினும் குடிகளுக்கும் அவருக்கும் இருந்த உறவை அஃது ஒன்றே உணர்த்திவிடும். நல்ல அரிசியும் பழங்களும், வேறெங்கும் தாம் காணாத தடித்த தோலுடைய ஆரஞ்சும் சின்ன மருது தமக்கு அனுப்பி வைத்ததை அந்த ஆங்கிலேயர் முப்பதாண்டுகளுக்குப் பின்னரும் மறக்கவில்லை. பெரிய மருதுவோ வேட்டையில் நாட்டமுடையவர். ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயை விரலால் வளைக்கும் வலிமையுடையவர் என்கிறார்.

வெல்ஷ் கூறும் மற்றொரு செய்தி படைக்கலப் பயிற்சி பற்றியது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று அவர் குறிப்பிடுகிறார். வளரி என்பது பிறைபோல் வளைந்த எறிபடை. ஒருமுனை கனத்தும் மறுமுனை பிடிப்பதற்கேற்ப மெலிந்தும் இருக்கும். மரத்தாலும் இரும்பாலும் செய்வர். சிறப்பு நாள்களுக்குரியவற்றைத் தந்தத்தாலும் செய்தனர். மெல்லிய முனையைப் பற்றிச் சுழற்றி விசையுடன் எறிந்தால், தேர்ந்த கையினின்று புறப்பட்ட வளரி நூறு கெசத் தொலைவுக்குள் குறி தவறாது என்று வெல்ஷ் வியக்கிறார். மான் வேட்டையிலும் கள்வரைத் துரத்திக் காலை முறித்துப் பிடிப்பதிலும் பயன்பட்ட கருவி போர்க்களத்திலும் பயன்பட்டது. வாள், வேல், ஈட்டி, சிலம்பம் ஆகியவை தென்னாட்டுச் சிற்றூர் இளைஞர்க்கு அன்றாடப் பயிற்சியாக இருந்தன. ஊர்க்காவல் என்னும் பொறுப்பு அப்பயிற்சியை ஒழுங்கில் வைத்திருந்தது. படைக்கலம் பிடித்தவன் ஊரைக் காக்கக் கடமைப்பட்டவன்; காக்கத் தவறினால் களவு போன பொருளுக்கு ஈடு கொடுக்க வேண்டியவன். வாளுக்கு மானம் சேர்ந்தது இக்கடமையினால்தான்.

அடைக்கலம் என்னும் அறம்

1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையை விட்டு வெளியேறிப் புதுக்கோட்டைக் காட்டுப் பகுதியில் மறைந்திருந்த அவரைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தனர். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஊமைத்துரை சிறையினின்று தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களிலேயே மண்ணால் மீண்டும் எழுப்பினார். அம்மண்கோட்டை முதல் தாக்குதலைத் தாங்கி நின்று கும்பினிப் படையைப் பின்வாங்கச் செய்தது. மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தபின், காயமுற்ற ஊமைத்துரை சிவகங்கைச் சீமையை அடைந்தார். மருதிருவர் அவரை வரவேற்றனர்.

நாடகத்தின் திருப்புமுனை இதுவே. ஊமைத்துரையை ஒப்படைத்திருந்தால் மருதிருவர் தம் பதவியையும் பொருளையும் காத்துக்கொண்டிருக்கலாம். அவ்வாறு ஒப்படைத்தவர் எத்தகைய சிறப்புகளைப் பெற்றனர் என்பதும் அவர்கள் கண்முன்னே இருந்தது. அடைக்கலப் பொருளைக் காப்பது தமிழர் அறத்தில் எத்துணை உயர்ந்தது என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிலப்பதிகாரம் அதற்கென ஒரு காதையையே வகுத்துள்ளது. மாதரி பட்ட துயரை இளங்கோவடிகள் எழுதினார். மருதிருவர் பட்ட துயரைக் கும்பினியாரின் ஏடுகள் எழுதின. வாளைச் சுழற்றுவதில் வல்லவர் இருபுறமும் இருந்தனர். ஆனால் தம்மை நம்பி வந்தவனைக் கைவிடமாட்டோம் என்று சொல்வதற்குத் தேவையான துணிவு வாள்வீச்சினால் வருவதன்று. சிவகங்கை வரலாற்றில் மானம் என்னும் சொல்லுக்குப் பொருள் தேடுவோர் இவ்விடத்தில்தான் நின்று காண வேண்டும்.

அறிக்கையும் பட்டயமும்

1801-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் சின்ன மருது ஓர் அறிக்கை வெளியிட்டார். திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் மாளிகை வாயிலிலும், திருவரங்கம் கோவில் மதிலிலும் அஃது ஒட்டப்பட்டது. ஒரு பாளையத்தாரை மட்டும் அது விளிக்கவில்லை. ஜம்புத் தீவில் வாழும் எல்லாக் குலத்தாரையும் எல்லாச் சமயத்தாரையும் நோக்கிப் பேசியது. நவாபின் நாட்டை ஐரோப்பியர் வஞ்சகத்தால் கைக்கொண்டனர் என்றும், மக்கள் தமக்குள் ஒற்றுமையின்றி இருந்ததே அதற்கு வாய்ப்பாயிற்று என்றும், அனைவரும் படைக்கலம் ஏந்துதல் வேண்டும் என்றும் அது கூறியது. பாளையக்காரர்கள் தத்தம் எல்லைக்காகப் போரிட்டு வந்த காலத்தில் இத்தகைய பொது அழைப்பு எழுந்தது என்பது எண்ணத்தக்கது.

கும்பினியாரும் வாளாவிருக்கவில்லை. கர்னல் அக்னியூவின் தலைமையில் படை திரண்டது. சூலை இறுதியில் அப்படை சிறுவயலை நெருங்கியபோது, பகைவர்க்குத் தங்குமிடம் ஆகாதவாறு மருதிருவர் தம் ஊருக்குத் தாமே தீ மூட்டினர். காவலின்றித் திறந்து கிடந்த அம்மாளிகையும் அத்தீக்கு இரையாயிற்று. அங்கிருந்து காளையார்கோவிலுக்கு அடர்ந்த காடு வழியே பாதை வெட்டக் கும்பினிப் படை முயன்றது. ஒரு திங்கள் முழுதும் மரம் வெட்டியும், நாள்தோறும் ஆள் இழந்தும், கோவிலை எட்ட முடியாமல் செப்டம்பர்த் தொடக்கத்தில் முயற்சியைக் கைவிட்டது. பீரங்கியும் துப்பாக்கியும் கொண்ட படையை ஈட்டியும் வளரியும் காடும் தடுத்து நிறுத்தின என்பது கும்பினியாரே பதிந்துள்ள செய்தி.

அவ்வாறாயின் மருதிருவர் தோற்றது எதனால்? படையால் இயலாததை அக்னியூ ஒரு முடிசூட்டு விழாவால் செய்தார். படமாத்தூர் கௌரிவல்லபப் பெரிய உடையாத் தேவர் அரச மரபில் உரிமை கோரியவர். மருதிருவரின் பகைக்கு அஞ்சி அறந்தாங்கிப் பகுதியில் வாழ்ந்து வந்தவர். அவரை அழைத்து வந்து, 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் சிவகங்கையின் உரிமையாளர் என்று முடிசூட்டினர். மருதிருவர் அரச குலத்தவர் அல்லர், பணியாளராய் இருந்து ஆட்சியைப் பறித்தவர் என்று முன்னரே பறைசாற்றியிருந்தனர். குடிகளின் உள்ளம் இரண்டுபட்டது. அரச மரபிடம் பற்றுடையவர் பலர் புதிய தேவர்பால் சாய்ந்தனர். அந்நியரை எதிர்த்த போர் ஒரே நாளில் இரு உரிமையாளருக்கு இடைப்பட்ட வழக்காக மாற்றப்பட்டது. இது வாளினும் கூரிய கருவி.

கௌரிவல்லபரைத் தீயவர் என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. தமக்குரியது என்று அவர் நம்பிய உரிமைக்கு அவரும் அலைந்தவர், துன்புற்றவர். உள்நாட்டார் தம்முள் தீர்த்துக்கொள்ளாத பிணக்கு ஒவ்வொன்றும் வெளியார் கையில் ஆயுதமாகும் என்பதே இங்குக் கற்க வேண்டிய பாடம்.

அக்டோபர் 1-ஆம் நாள் மும்முனைத் தாக்குதலில் காளையார்கோவில் வீழ்ந்தது. காடுகளில் மறைந்து திரிந்த மருதிருவர் பிடிபட்டனர். அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூர்க் கோட்டையில் அவ்விருவரும் அவர்தம் உறவினர் பலரும் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16-ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். சிறுவயலில் தமக்கு வளரி கற்பித்த கையைத் தம் படையே கட்டித் தூக்கிலேற்றியதை எண்ணி வெல்ஷ் தம் நூலில் வருந்துகிறார்.

திசம்பர் 1-ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்னாட்டு மக்கள் படைக்கலம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. பாளையக் கோட்டைகள் இடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த படைக்கலப் பயிற்சி இவ்வாறு ஒரு தாளால் அறுபட்டது. சிலம்பம் திருவிழா ஆட்டமாக ஒடுங்கியது. வளரி அருங்காட்சியகப் பேழைக்குள் புகுந்தது. 1803-இல் சிவகங்கை நிலையான வரி கட்டும் ஜமீனாயிற்று. 1829-இல் கௌரிவல்லபர் மறைந்தபின் அவர் வழியினரிடையே எழுந்த உரிமை வழக்கு மாவட்ட மன்றத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1863-இல்தான் கட்டம நாச்சியார் என்னும் மகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பாயிற்று. வாளெடுத்த சீமை முப்பதாண்டுகளுக்கு மேலாக வழக்குத் தாள்களைச் சுமந்தது.

தீவாந்தரம்

தூக்கிலேறாது எஞ்சியவர்க்குக் கும்பினியார் வகுத்த தண்டனை தீவாந்தரம். சிவகங்கை, இராமநாதபுரம், பாஞ்சாலங்குறிச்சி முதலிய சீமைகளைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் திரட்டப்பட்டனர். அவர்களுள் பட்டத்துக்குரிய வேங்கன் பெரிய உடையாத் தேவரும் இருந்தார். சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியும் இருந்தான். அவனுக்கு அப்போது வயது ஏறத்தாழப் பதினைந்து. தந்தையும் பெரியப்பனும் தூக்கிலேறியபின், இளமை கருதி அவனுக்கு உயிர்ப்பிச்சை அளித்ததாகக் கும்பினியார் கருதினர். 1802-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அட்மிரல் நெல்சன் என்னும் கப்பல் இவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இருவர் இருவராகக் கைவிலங்கிட்ட நிலையில், இரண்டு திங்களுக்கும் மேலாகக் கடலில் அலைந்து அவர்கள் பினாங்கை அடைந்தனர். காற்றை நம்பிய பாய்க்கப்பல் காலம் அது.

கடல் கடத்தல் என்பது அக்காலத்து உழவர் குடியினருக்கும் போர்க்குடியினருக்கும் சாவினும் கொடியதாகத் தோன்றியது. ஊரில் இறந்தவனுக்கு நடுகல் உண்டு. குலதெய்வத்தின் வரிசையில் இடமுண்டு. ஆண்டுக்கொரு முறை பொங்கல் உண்டு. கடல் கடந்தவனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. தூக்கிலிட்டால் வீரனாவான், அவன் பெயரைப் பாடுவர். தீவுக்கு அனுப்பினால் மறக்கப்படுவான். கும்பினியார் இதனை நன்கு அறிந்தே இத்தண்டனையைத் தேர்ந்தனர்.

வேங்கன் பெரிய உடையாத் தேவரின் அலைச்சல் பினாங்கோடு முடியவில்லை. சுமத்திராத் தீவின் பென்கூலனில் ஆங்கிலேயர்க்கிருந்த மால்பரோ கோட்டைக்கு அவர் அனுப்பப்பட்டார். அதே 1802-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே உயிர் நீத்தார்.

அந்நாளையப் பினாங்கு

இவர்கள் வந்திறங்கிய பினாங்கு கும்பினியாரின் கைக்கு வந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். கெடா சுல்தான் அப்துல்லா இத்தீவை விட்டுக்கொடுத்ததற்கு ஒரு நோக்கம் இருந்தது. சயாமியர் படையெடுத்தால் கும்பினியார் துணைநிற்பர் என்று அவர் நம்பினார். அத்தகைய உறுதி எதனையும் கும்பினி ஏற்கவில்லை. ஏமாற்றமுற்ற சுல்தான் 1791-இல் தீவை மீட்கப் பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அதனைச் சிதறடித்தார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்னும் உடன்படிக்கையோடு வழக்கு முடிந்தது. 1800-இல் எதிர்க்கரை நிலமும் சேர்க்கப்பட்டுத் தொகை 10,000 ஆயிற்று. ஆர்க்காட்டில் நவாபு, சிவகங்கையில் உரிமைத் தேவர், கெடாவில் சுல்தான்: களம் வேறு, முறை ஒன்றே. விலங்குடன் வந்தவர்கள் தம் நாட்டை விழுங்கிய அதே கும்பினியின் மற்றொரு கையில் வந்து விழுந்தனர்.

அடைக்கலம் என்னும் அறம் இத்தீவிலும் சோதனைக்குள்ளாயிற்று. 1821-இல் சயாமியர் கெடாவைத் தாக்கியபோது சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்குமாறு சயாமியர் கேட்டனர்; தீவின் ஆங்கில ஆளுநர் மறுத்தார். ஆயினும் 1826-இல் சயாமுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், அவர் பினாங்கில் தங்கலாகாது என்பதற்குக் கும்பினியார் இசைந்தனர். அடைக்கலம் கொடுத்ததற்காக மருதிருவரைத் தூக்கிலிட்டவர், தாம் கொடுத்த அடைக்கலத்தை ஐந்தாண்டுகளில் கையெழுத்திட்டு விலக்கினர். ஒப்பிட்டுக் காணும் மாணாக்கர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை.

தமிழர்க்குப் பினாங்கு அப்போது அறியாத ஊரன்று. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் கப்பல்கள் வணிகரையும் உழைப்பாளரையும் கொண்டு வந்தன. சூலியா தெருவில் தமிழ் முஸ்லிம் வணிகர் கடை விரித்திருந்தனர். காளையார்கோவில் வீழ்ந்த அதே 1801-ஆம் ஆண்டில்தான் காதர் முகைதீன் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அடிகோலினார். ஒரு கப்பல் செல்வம் தேடி வந்தோரை இறக்கியது. மற்றொரு கப்பல் செல்வம் இழந்தோரை இறக்கியது. இருவர் பேசியதும் தமிழே.

பினாங்கில் அப்போது இந்தியக் கைதிகளும் பெருகியிருந்தனர். அந்தமான் குடியேற்றம் 1796-இல் கைவிடப்பட்டபோது அங்கிருந்த கைதிகள் பினாங்குக்கு மாற்றப்பட்டனர். சாலை அமைத்தல், காடு திருத்தல், சதுப்பு மேடாக்குதல் ஆகிய பணிகளில் கைதிகளே உழைத்தனர். நிபோங் மரக்கழிகளால் எழுப்பப்பட்டிருந்த கார்ன்வாலிஸ் கோட்டை 1804-ஆம் ஆண்டு முதல் கல்லும் செங்கல்லுமாய்க் கட்டப்பட்டபோதும் அவர்தம் உழைப்பே பயன்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களில் தங்கியிருந்த கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட 1873-ஆம் ஆண்டு வரை இம்முறை நீடித்தது.

துரைச்சாமி

1818-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வெல்ஷ் பினாங்கில் பணியாற்ற நேர்ந்தது. ஒருநாள் தளர்ந்து மெலிந்த முதியவர் ஒருவர் அவர்முன் வந்து நின்றார். யார் என்று வினவிய வெல்ஷுக்குக் கிடைத்த விடை துரைச்சாமி என்பது. சிறுவயல் மாளிகையில் தாம் கண்ட, சின்ன மருதுவின் மகன் என்று உணர்ந்தபோது, அப்பெயர் தம் நெஞ்சில் குத்துவாள்போல் பாய்ந்தது என்னும் பொருள்பட அவர் எழுதுகிறார்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். 1801-இல் பதினைந்து வயதினன் 1818-இல் முப்பத்திரண்டு வயதினன். வெல்ஷ் கண்டதோ தளர்ந்த முதியவர். பதினாறு ஆண்டுச் சிறைவாழ்வு ஓர் இளைஞனை என்ன செய்தது என்பதைக் கூற இவ்வொரு கணக்கே போதும். பகைவர் படையில் இருந்த நண்பர் எதிரே நிற்கிறார். விலங்கை அகற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. தந்தையிடம் வளரி கற்ற மாணாக்கர் முன்னிலையில், ஆசிரியரின் மகன் கைதியாக நிற்கிறான். சிவகங்கை நாடகத்தில் இதனினும் உருக்கமான காட்சி வேறில்லை. ஆயினும் எந்த மேடையிலும் இக்காட்சி நடிக்கப்படுவதில்லை; ஏனெனில் இதில் வாள் இல்லை, முழக்கம் இல்லை.

ஆசிரியர்க்குரிய கடமை

மலேசியத் தமிழர் வரலாறு ரப்பர்த் தோட்டத்தில் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகின்றனர். தோட்டத்து உழைப்பின் பெருமையை எவரும் குறைத்தல் ஆகாது. ஆயினும் அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, தம் நாட்டின் உரிமைக்குப் போரிட்டமையால் விலங்கிடப்பட்ட தமிழர் இம்மண்ணில் கால்வைத்தனர் என்பதையும் மாணாக்கர் அறிதல் வேண்டும். வந்தவர் யாவரும் வயிற்றுக்காக வந்தவர் அல்லர்.

இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் மூவகைச் சான்றுகளையும் அருகருகே வைத்துக் காட்டலாம். கும்மியும் அம்மானையும் மக்கள் உள்ளத்தைக் காட்டும். கும்பினியின் ஏடுகள் நாளையும் இடத்தையும் காட்டும். வெல்ஷின் நூல் பகைவனின் மனச்சான்றைக் காட்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சீர்தூக்கிப் பார்க்கும் பழக்கம் மாணாக்கர்க்கு வாய்த்தால், அட்டைவாள் வசனத்தினும் பயனுள்ள கல்வி அதுவாகும். வாள்வீரத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் சினம் வளரும். அடைக்கலம் காத்த அறத்தையும், உட்பகையால் விளைந்த கேட்டையும் சேர்த்துச் சொன்னால் அறிவு வளரும்.

இந்திய அஞ்சல்துறை 2004-இல் மருதிருவர்க்கும் 2008-இல் வேலுநாச்சியார்க்கும் அஞ்சல்தலை வெளியிட்டது. அதே 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகராக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. கார்ன்வாலிஸ் கோட்டையையும் அதனருகே உள்ள கடற்கரையையும் காண நாள்தோறும் மக்கள் வருகின்றனர். அங்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், லைட் கொடியேற்றிய நாளோடு, 1802-ஆம் ஆண்டில் ஒரு கப்பல் வந்து நின்ற செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிலிருந்து இறங்கியவர்களுள் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான் என்றும், அவன் பெயர் துரைச்சாமி என்றும் சொல்ல வேண்டும். கேட்டு நிற்கும் மாணாக்கரும் ஏறத்தாழ அவ்வயதினரே.